டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்குத் தைராய்டு டி3 குறைவு: சர்க்கரை காரணமா, கிட்னி காரணமா?

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து 19 வருஷம் ஆகிறது. தக்காளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷமாக திங்கள், புதன், வெள்ளி தருமபுரியில் டயாலிசிஸ், முதல் ஷிப்ட். விடியற்காலை பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு.

போன மாதம் ஆள் ஒரேயடியாகச் சோர்ந்துவிட்டார். குளிர் தாங்கவில்லை. டயாலிசிஸ் ஹாலில் ஏசிக்கு எல்லோருக்கும் குளிரும்தான். ஆனால் அப்பா வீட்டுக்கு வந்து, சுள்ளென்று வெயில் அடிக்கும் திண்ணையில் உட்கார்ந்த பிறகும் கம்பளியை எடுக்கவில்லை. மலச்சிக்கல், தோல் வறட்சி, காலையில் முகம் உப்பல் எல்லாம் சேர்ந்து வந்தது. தைராய்டு பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம். டி3, டி4 இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள், டி.எஸ்.எச் அந்தச் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளைப் பக்கமிருந்து வரும் ஹார்மோன் என்றார்கள்.

டி3: 58 (இருக்க வேண்டியது 80 முதல் 200). டி4: 5.4 (5 முதல் 12). டி.எஸ்.எச்: 3.8 (0.4 முதல் 4).

ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். "டி3 இறங்கியிருக்கிறது, தைராய்டுதான்" என்று 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதினார்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடப்பதைச் சொன்னேன். அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பத்தாவது நாள் அப்பா நெஞ்சு படபடக்கிறது என்றார். புதன்கிழமை மெஷினில் படுக்க வைத்ததும் பல்ஸ் 118. டெக்னீஷியன் தம்பி இரண்டு தடவை பார்த்துவிட்டு, "வழக்கமா 80, 84 தான்ணா இருக்கும்" என்றார்.

இன்னொரு விஷயம். பக்கத்துப் படுக்கையில் காரிமங்கலம் பக்கத்து அண்ணன் ஒருவர், 48 வயது, மாந்தோப்பு வைத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரையே கிடையாது, ரத்தக்கொதிப்பால் கிட்னி போனது. அதே நாளில் அவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். டி3 86, டி4 4.6, டி.எஸ்.எச் 11.2. அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்குச் சர்க்கரையே இல்ல தம்பி, தைராய்டு எங்கிருந்து வரும்? லேப்ல ஆள் மாத்தி எழுதிட்டாங்க" என்கிறார். மருந்தும் வாங்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மெஷின், ஒரே நான்கு மணி நேரம், ஒரே தண்ணீர். ரிப்போர்ட் மட்டும் ஏன் இப்படி வேறுபடுகிறது? சர்க்கரை இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசமா? அப்பா மாத்திரையைத் தொடரலாமா?

மலைக்காற்று | ஞாயிறு, இரவு 10.05

முதலில் அந்த பல்ஸை நாளைக் காலையிலேயே டயாலிசிஸ் டாக்டரிடம் சொல்லுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

லேப் அக்கா, கிருஷ்ணகிரி | ஞாயிறு, இரவு 11.20

தம்பி, 14 வருஷமாக லேப்பில் வேலை பார்க்கிறேன். மாத்திரை பற்றி நான் சொல்லக் கூடாது. ரத்தம் எடுத்ததைப் பற்றிக் கேட்கிறேன்.

அப்பாவுக்கு ரத்தம் எப்போது எடுத்தார்கள்? ஊசி குத்தியவுடனா, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு டியூபிலிருந்தா, முடிந்து இறக்கும்போதா? மஞ்சள் மூடி குழாயின் லேபிளில் பெயர், வயது எழுதுவார்கள். மணி எழுத மாட்டார்கள். டயாலிசிஸ் ஆட்களுக்கு அந்த மணிதான் முக்கியம்.

காரணம் சொல்கிறேன். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுப்பார்கள். ஹெபாரின் போனதும் ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடும். குழாயில் ரத்தம் காத்திருக்கும்போதும் கூடிக்கொண்டே இருக்கும். அவை புரதத்தோடு ஒட்டியிருக்கும் டி4ஐத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அந்த நேரத்து ரத்தத்தில் ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருப்பது) பார்த்தால் இல்லாத ஏற்றம் தெரியும். நீங்கள் போட்டிருப்பது டோட்டல் டி3, டோட்டல் டி4 கணக்கு, அதாவது ஒட்டியதும் ஒட்டாததும் சேர்த்து. அதில் இந்தக் குழப்பம் குறைவு, ஆனால் வேறொன்று உண்டு. டயாலிசிஸுக்கு முன்னால் உடம்பில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் தேங்கி ரத்தம் நீர்த்திருக்கும். தண்ணீரை இழுத்த பிறகு கெட்டியாகும். புரதத்தோடு ஒட்டியிருக்கும் எல்லாமே அப்போது ஏறினாற்போலத் தெரியும். அதனால் முன்னால் எடுத்ததை முன்னால் எடுத்ததோடுதான் ஒப்பிட வேண்டும்.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, முடி உதிர்வுக்கான மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? பயோட்டின் இருக்கும். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அது சீக்கிரம் வெளியே போகாது. பல லேப் மெஷின்களில் பயோட்டின் வைத்துத்தான் அளவே எடுக்கிறோம், அதனால் டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் டி3, டி4 பொய்யாக ஏறியும் வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே பயோட்டின் பற்றி எச்சரிக்கை கொடுத்தது. எங்களிடம் வருகிறவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை, அது எங்கள் பக்கத் தப்பு.

பாலக்கோட்டான் | திங்கள், பகல் 2.15

அக்கா, இன்று டயாலிசிஸ் டாக்டரைப் பார்த்துவிட்டோம். ஈசிஜி எடுத்தார். தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, ஊசி குத்தியவுடன், ஹெபாரினுக்கு முன்னால் ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். அவருக்கு இன்று 30 பேர் காத்திருந்தார்கள், "ஏன்" என்று கேட்க நேரமில்லை. போன தடவை ரத்தம் எடுத்தது மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து. அப்பாவுக்கே ஞாபகம் இருக்கிறது, இட்லி டப்பாவைத் திறந்தபோதுதான் எடுத்தார்கள் என்கிறார். பி காம்ப்ளெக்ஸ் உண்டு, முடி மாத்திரை இல்லை.

வார்டு ரவுண்ட்ஸ் | திங்கள், இரவு 10.50

சிறுநீரகப் பிரிவில் வேலை பார்த்த டாக்டர் நான். உங்கள் அப்பாவின் டாக்டர் சொன்னது சரியான வழி. அந்த "ஏன்" என்பதை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4ஐத்தான் வெளியே விடுகிறது. உடம்பு உண்மையில் வேலைக்கு வைத்துக்கொள்வது டி3ஐ. டி3யில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சுரப்பிக்கு வெளியே, கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில், டி4லிருந்து ஒரு அயோடினைக் கழற்றி உருவாகிறது. மண்டியில் இருந்து நெல் வருகிறது, அரிசியாக்குவது மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்னி செயலிழந்தவருக்கு நெல் ஓரளவு வந்துகொண்டிருக்கிறது, மில்தான் மெதுவாக ஓடுகிறது. ரத்தத்தில் அமிலம் தேங்குவது, உடம்புக்குள் ஓயாத அழற்சி, புரதச் சாப்பாடு குறைவது எல்லாம் சேர்ந்து அந்த மில்லை மெதுவாக்குகின்றன. அமிலத்தைச் சரிசெய்ததும் டயாலிசிஸ் ஆட்களுக்கு டி3 ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் டயாலிசிஸ் செய்பவர்களிடம் தைராய்டு அளவுகளில் அடிக்கடி முதலில் குறைவது டி3. டி.எஸ்.எச் அப்போது சரியான அளவிலேயே இருக்கும். மூளைக்குக் குறைபாடு தெரிந்தால்தானே டி.எஸ்.எச் ஏறும்?

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது டி4ஐ டி3ஆக மாற்றும் வேலை தானாகவே குறைகிறது. கிட்னி நன்றாக இருக்கும் சர்க்கரைக்காரரிடமும் இதைப் பார்க்கலாம். அதோடு கால் புண், சளி, சிறுநீர்த் தொற்று என்று அழற்சி அவர்களுக்குத்தான் அடிக்கடி வருகிறது. ஆக ஒரே மில்லுக்கு இரண்டு பக்கமும் அடி. உங்கள் அப்பாவின் 58 அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மாதத்தில் காய்ச்சல், புண், ஆஸ்பத்திரியில் படுத்தது என்று ஏதாவது இருந்ததா?

காரிமங்கலத்து அண்ணனின் கதை வேறு. அவருக்கு டி3 பரவாயில்லை, டி4 கீழ், டி.எஸ்.எச் மேல். அங்கே சுரப்பியே குறைவாகச் சுரக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். நாம் சாப்பிடும் அயோடினைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம். அது நின்றால் அயோடின் உடம்பிலேயே தேங்கும். அயோடின் அளவுக்கு மேல் தேங்கினால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், வோல்ஃப் சைக்காஃப் விளைவு என்பார்கள். பெரும்பாலோருக்கு அதிலிருந்து சுரப்பி மீண்டுவிடும், சிலருக்கு மீளாது. சிறுநீரகம் பழுதானவர்களிடம் டி.எஸ்.எச் ஏற்றம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சர்க்கரை இல்லை என்பது தைராய்டுக்கு எதிரான தடுப்பூசி இல்லை. அவரைக் கையோடு கூட்டிப் போய் திரும்ப ரத்தம் எடுக்க வையுங்கள், டிபிஓ ஆன்டிபாடியும் (உடம்பே தன் தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது) சேர்த்து. டி.எஸ்.எச் 10ஐத் தாண்டி இரண்டாம் முறையும் நின்றால் பெரும்பாலும் மருந்து தொடங்குவோம்.

ஊத்தங்கரை தங்கை | செவ்வாய், காலை 6.10

அண்ணா, நான் 34 வயது, நான்கு வருஷமாக டயாலிசிஸ், சர்க்கரை இல்லை. அந்த மாந்தோப்பு அண்ணனிடம் என் கதையைச் சொல்லுங்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 7.8லேயே நின்றது. வாரத்துக்கு இரண்டு ரத்த ஊசி (ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்டின்), மாதம் இரும்பு ஊசி, ஒன்றும் ஏறவில்லை. எரித்ரோபாய்டின் ஊசி ஏன் பிடிக்கவில்லை என்று தேடித் தேடிக் கடைசியில் தைராய்டு பார்த்தார்கள். டி.எஸ்.எச் 14.6. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டும் 13க்குக் கீழே இறங்கவில்லை. டோஸை ஏற்றினார்கள், அப்போதும் அப்படியே. ஒரு நாள் டயட்டீஷியன் அக்கா "காலைல என்னென்ன எப்ப சாப்பிடறே, வரிசையா சொல்லு" என்றார். தைராய்டு மாத்திரை 7 மணி. 7.20க்கு இட்லி, இட்லி நடுவில் பாஸ்பரஸ் மாத்திரை (சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து ரத்தத்தில் ஏறாமல் தடுப்பது). அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் விழுங்கின தைராய்டு மாத்திரையை வயிற்றுக்குள்ளேயே பாஸ்பரஸ் மாத்திரை பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது ராத்திரி 11 மணிக்குப் போடுகிறேன். 7 மணிக்குச் சாப்பாடு முடித்துவிடுவேன். மூன்று மாதத்தில் டி.எஸ்.எச் 4.2, ஹீமோகுளோபின் 9.9. மொட்டை மாடிக்குத் துணி காயப் போட ஏறினேன், நடுவில் உட்காராமல். நான்கு வருஷத்தில் முதல் முறை.

மருந்துக்கடை, காரிமங்கலம் | செவ்வாய், காலை 9.30

தங்கச்சி சொன்னதை எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆசை. செவலமர், கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட், லாந்தனம் என்ற பாஸ்பரஸ் மாத்திரைகள், இரும்பு மாத்திரை, சில அஜீரண மருந்துகள் எல்லாமே தைராக்ஸினை, அதாவது தைராய்டு மாத்திரையை, பிடித்து வைக்கும். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சாதாரண ஆளுக்கு "காலையில் வெறும் வயிற்றில், அரை மணி கழித்துச் சாப்பாடு" என்று கவரில் எழுதிக் கொடுக்கிறோம். டயாலிசிஸ்காரருக்கு அது போதாது, அவர் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் பாஸ்பரஸ் மாத்திரை போடுகிறார். ராத்திரி படுக்கும்போது, சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்து என்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவருகிறது. அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று: வருஷக்கணக்கில் சர்க்கரை இருந்தால் சிலருக்கு இரைப்பை மெதுவாக வேலை செய்யும். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டது 12 மணிக்கும் வயிற்றிலேயே இருக்கும். அவர்களுக்கு "நான்கு மணி நேரம்" என்ற கணக்கும் சரிப்படாது.

பாலக்கோட்டான் | செவ்வாய், இரவு 8.45

டாக்டர் சார், நீங்கள் புண் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாதம் அப்பாவுக்குப் புதுச் செருப்பு கடித்து இடது கால் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒரு புண். உணர்ச்சி இல்லாததால் அவருக்கு வலி தெரியவில்லை. அம்மாதான் பாயில் ஈரக்கறையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். சீழ் வைத்து, பத்து நாள் ஆன்டிபயாடிக் போட்டோம். தைராய்டு டெஸ்ட் எடுத்தது அந்தப் பத்து நாளுக்கு நடுவில்! யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை, கால் வேறு, கழுத்து வேறு என்றுதானே நினைத்தோம்.

இன்னொரு சந்தேகம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. அப்படியென்றால் சர்க்கரை நல்ல கட்டுப்பாடுதானே? ஆனால் ராத்திரியில் இரண்டு தடவை சர்க்கரை 54, 61 என்று இறங்கி வியர்த்துவிட்டது. காலையில் சில நாள் 240.

வார்டு ரவுண்ட்ஸ் | செவ்வாய், இரவு 11.30

அப்படியென்றால் 58க்குப் பெரும்பங்கு விளக்கம் அந்தப் புண்ணிலேயே இருக்கிறது. உடம்பில் தொற்று இருக்கும்போது எடுத்த டி3ஐ வைத்துத் தைராய்டு நோய் என்று முடிவுகட்டக் கூடாது. டயாலிசிஸ் செய்பவர்களில் டி3 குறைவாக இருப்பவர்களுக்கு ஆயுள் ஆபத்து கூடுதல் என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பலர் "அப்போ டி3ஐ ஏற்றிவிடலாம்" என்கிறார்கள். ஏற்றினால் அந்த ஆபத்து போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பட்டினியிலும் நோயிலும் உடம்பு தன் தசையைக் கரைக்காமல் காப்பாற்றிக்கொள்ளத்தான் டி3ஐக் குறைத்துக்கொள்கிறது என்றுகூட ஒரு கருத்து உண்டு. அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் இதயம் வேகமாக ஓடும். டயாலிசிஸில் பொட்டாசியம் ஏறி இறங்கும் இதயம் அது, பல சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பும் இருக்கும். உங்கள் அப்பாவின் 118ஐ அப்படித்தான் பார்க்கிறேன்.

ஹெச்பிஏ1சி பற்றி. டயாலிசிஸ் ஆட்களுக்குச் சிவப்பணுக்களின் ஆயுசு குறைவு. ரத்த ஊசி போட்டுப் புது அணுக்கள் வந்துகொண்டே இருக்கும். புது அணுவில் சர்க்கரை ஒட்ட நேரம் இருக்காது. அதனால் 6.1 என்பது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குத்திப் பார்க்கும் கணக்குதான் நம்பகமானது. காலை 240க்கும் ராத்திரி 54க்கும் நடுவில் ஊசலாடுகிறார் அப்பா, டி3 குறைய அதுவும் காரணம்.

ராத்திரி இறங்குவதற்கு: உடம்பில் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. அது நின்ற பிறகு போட்ட இன்சுலின் நீண்ட நேரம் நிற்கும். உண்மையான தைராய்டு குறைவு வந்தாலும் இன்சுலின் மெதுவாகத்தான் வெளியேறும், அப்போதும் சர்க்கரை இறங்கும். ஆகவே சர்க்கரை உள்ள டயாலிசிஸ் நோயாளிக்கு, சாப்பாடு மாறாமல், ஊசி மாறாமல் திடீரென்று தாழ்சர்க்கரை வர ஆரம்பித்தால் டி.எஸ்.எச் ஒரு தடவை பார்ப்பது நல்லது. அப்பாவின் இன்சுலின் எத்தனை யூனிட்?

பாலக்கோட்டான் | புதன், பகல் 3.00

டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு 38 யூனிட் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது 26. இன்று டாக்டரிடம் ராத்திரி அளவுகளைக் காட்டினேன், 18 ஆக்கிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு போனதால் உடனே புரிந்துகொண்டார்.

அரூர் பெரியவர் | புதன், இரவு 7.20

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு டயாலிசிஸ். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் கிட்னியும் தைராய்டும் போகிறது என்று ஊரில் பேசுகிறார்கள். அப்புறம், உப்பில் அயோடின் இருக்கிறது, அதை விட்டு இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள். கேழ்வரகுக் களியும் தைராய்டுக்கு ஆகாது என்கிறார்கள். களி இல்லாமல் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

வார்டு ரவுண்ட்ஸ் | புதன், இரவு 10.15

ஐயா, ஃப்ளோரைடு இங்கே உண்மையான பிரச்சினைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கிட்னி சரியில்லாதவருக்கு ஃப்ளோரைடு வெளியேறாது, எலும்பில் தேங்கும். அதனால் ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ குடிக்கட்டும். ஆனால் ஒருவருடைய டி.எஸ்.எச் ஏறியதற்கு அதைக் கைகாட்டிவிட்டு நிற்க முடியாது. டயாலிசிஸ் மெஷினுக்குள் ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் தண்ணீர் போகிறது, அது ஆர்.ஓ.வில் சுத்தம் செய்தது, பயப்பட வேண்டாம்.

உப்பைப் பொறுத்தவரை, அம்மாவுக்கு எந்த உப்பானாலும் அளவு குறைய வேண்டும், அவ்வளவுதான். இந்துப்பும் சோடியம்தான், தாகமும் அதே தாகம்தான். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை மட்டும் தொடவே வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கும், உயிருக்கே ஆபத்து.

களி: தைராய்டுக்காக நான் நிறுத்தமாட்டேன். பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்குக்காக டயட்டீஷியன் அளவு சொல்வார். வாரம் ஒரு நாள் ஒரு சிறு உருண்டை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அந்த மாத ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு.

அரூர் பெரியவர் | வியாழன், காலை 5.50

நன்றி டாக்டர். அந்தச் சிறு உருண்டையை அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே கீரை பறித்து வைக்கச் சொல்கிறாள்.

சூளகிரி மகள் | வியாழன், இரவு 9.00

என் அம்மாவுக்கு வயிற்றில் செய்யும் டயாலிசிஸ். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அந்தத் திட்டத்தில்தான் டயாலிசிஸ் திரவப் பை வீட்டுக்கே வருகிறது. அவருக்கும் இதே மாதிரிதானா?

வார்டு ரவுண்ட்ஸ் | வியாழன், இரவு 10.40

பெரும்பாலும் அதே மாதிரிதான் அம்மா. கூடுதலாக ஒன்று: வயிற்று டயாலிசிஸில் தினமும் கொஞ்சம் புரதம் தண்ணீரோடு வெளியே போகும், அதோடு தைராய்டு ஹார்மோனைத் தாங்கிச் செல்லும் புரதமும் போகும். டோட்டல் டி4 அதனால் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். குழாய் இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்ய பொவிடோன் அயோடின் தினமும் பயன்படுத்துகிறீர்களா? அதிலிருந்தும் அயோடின் உடம்புக்குள் போகும். டாக்டரிடம் அதைச் சொல்லி, டி.எஸ்.எச் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தொற்று வந்துவிடும்.

பாலக்கோட்டான் | ஒன்பது வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

புண் ஆறி ஐந்து வாரம் ஆனது. மாத்திரை நிறுத்தி எட்டு வாரம். திங்கட்கிழமை விடியற்காலை, டெக்னீஷியன் தம்பி பிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) ஊசி குத்தினதும், ஹெபாரினுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார். லேப் அக்கா சொன்னது ஞாபகம் வந்து, குழாயில் மணி எழுதச் சொன்னேன். 6.12 என்று நீலப் பேனாவில் எழுதினார். பி காம்ப்ளெக்ஸை டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருந்தோம்.

டி3 79. டி4 6.3. டி.எஸ்.எச் 3.1. இன்னும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான், ஆனால் மாத்திரையே இல்லாமல் 58லிருந்து ஏறியது. பல்ஸ் 82. இன்சுலின் 18லேயே நிற்கிறது, ராத்திரி இறக்கம் ஒரு தடவைகூட வரவில்லை. மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

காரிமங்கலத்து அண்ணனை ஒத்துக்கொள்ள வைக்க மூன்று வாரம் ஆனது. ஊத்தங்கரை தங்கை எழுதியதை அவருக்குப் படுக்கையிலேயே படித்துக் காட்டினேன். மொட்டை மாடி வரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் இப்போது தோப்புக்குப் போனால் இரண்டாவது வரிசை மரத்தைத் தாண்ட முடியவில்லையாம், யாரிடமும் சொல்லவில்லை. திரும்ப எடுத்ததில் டி.எஸ்.எச் 12.4, ஆன்டிபாடியும் இருக்கிறது. 25 மைக்ரோகிராமில் தொடங்கியிருக்கிறார்கள், ராத்திரி படுக்கும்போது. பாஸ்பரஸ் மாத்திரை டப்பாவையும் தைராய்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள் என்று அவர் மனைவியிடம் நானே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்து, "உங்கப்பாவுக்கு வேணாம்னு நிறுத்தின மாத்திரையை எனக்கு வேணும்னு கொடுக்கறாங்களே தம்பி, இது எப்படி?" என்று கேட்டார். டாக்டர் சார் சொன்ன நெல், மில் கணக்கைச் சொன்னேன். உங்களுக்கு மண்டியிலேயே நெல் குறைவு அண்ணா, அப்பாவுக்கு மில் மெதுவாக ஓடியது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, எட்டு வாரம் போட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஊத்தங்கரை தங்கை | வெள்ளி, இரவு 9.10

அண்ணா, அந்த அண்ணனிடம் சொல்லுங்கள்: முதல் மூன்று நான்கு வாரம் எந்த வித்தியாசமும் தெரியாது, அப்போது விட்டுவிட வேண்டாம். எனக்கு ஆறாவது வாரம்தான் குளிர் விட்டது.

லேப் அக்கா, கிருஷ்ணகிரி | வெள்ளி, இரவு 10.00

தம்பி, எங்கள் லேப்பில் டயாலிசிஸ் ரத்தம் வந்தால் இப்போது குழாயில் மணியும், "முன்" அல்லது "பின்" என்றும் எழுதச் சொல்லிவிட்டேன். காரிமங்கலத்து அண்ணனுக்கு அடுத்த ரத்தம் எடுக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் ஆறு வாரத்துக்கு முன்னால் எடுத்தால் கணக்கு தப்பும். அவருக்கு அதே மணியில், அதே லேப்பில்.

பாலக்கோட்டான் | வெள்ளி, இரவு 10.20

குறித்துவிட்டேன் அக்கா. எட்டாவது வாரத் திங்கட்கிழமை, முதல் ஷிப்ட். அவர் பேனாவை அவரே சட்டைப் பையில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.